எழுத்துக்குப் பல் முளைச்சா...

ரெக்கார்டு நோட்டு பாதியில நிக்குது, இன்டெர்னல் தேதி நெருங்குது, இதுக்கு நடுவுல சிம்போசியம் வேற. டிபார்ட்மென்டுக்கு ஒருத்தராவது இப்போ ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கண் விழிச்சு இன்ட்ரோ வீடியோ செஞ்சிட்டிருப்பீங்க. இந்த வாரம் நம்ம பக்கம் முழுக்க உங்களுக்குத்தான்.

மேட்டர் இதுதான். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் டைட்டில் போடறீங்க. எழுத்து பறந்து வருது, சுத்துது, மின்னுது. எல்லாம் ஓகே. ஆடிட்டோரியம் திரையில் ஓட்டிப் பார்த்தா, எழுத்தோட ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி பல் பல்லா நிக்குது. கடைசி பெஞ்சில் இருந்து, ‘டேய், எழுத்தை எலி கடிச்சிருச்சுடா!’ன்னு ஒரு குரல். மொத்தக் கூட்டமும் சிரிக்குது. மூணு வாரத்து உழைப்பு மூணே செகண்டில் காலி!

அடுத்த நாள் ஹாஸ்டலில் கிடைக்கிற தீர்ப்பு எப்பவும் ஒண்ணுதான். ‘மச்சி, உன் லேப்டாப் தேறாது. கிராபிக்ஸ் கார்டு இருக்கிற மெஷினா வாங்கு!’ பாஸ்... ஃபீஸ் கட்டவே நகையை அடகு வெச்ச வீடுகள் நம்மில் எத்தனையோ இருக்கு. அப்பாவுக்குப் போன் போடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. மெதுவான மெஷின் ரெண்டர் முடிக்க நேரம் எடுக்கும், அவ்வளவுதான். சாதாரண டைட்டில் எழுத்துக்குப் பல் முளைக்க அது காரணமே இல்லை. காரணம் உங்க ப்ராஜெக்ட் ஃபைலுக்குள்ளேயே ஒளிஞ்சிட்டிருக்கும். அதைச் சரிசெய்ய பத்துப் பைசா செலவில்லை.

பல் எங்கிருந்து வருது?

ஈ.சி.இ. மக்கள் கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்கலாம். உங்க சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பேப்பரில் நைக்விஸ்ட், ஷானன்னு வர்ற அதே அலையாஸிங்தான் இது. பரிட்சைக்கு மனப்பாடம் பண்ணி மறந்த சமாசாரம், இங்கே திரையில் வந்து பல் இளிக்குது.

எழுத்து ஃபான்ட் ஃபைலுக்குள் இருக்கும்போது கோடும் வளைவுமா, வெறும் கணக்காத்தான் இருக்கு. எவ்வளவு பெரிசாக்கினாலும் வழவழன்னே இருக்கும். ஆனா, திரை என்பது கட்டம் போட்ட நோட்டு. ஃபுல் ஹெச்.டி.ன்னா அகலத்தில் 1920, உயரத்தில் 1080. மொத்தம் 20,73,600 கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரே நிறம்தான். ‘ட’ மாதிரி நேரா நிக்கிற எழுத்து எப்படியோ பிழைச்சுக்கும். சாய்ஞ்ச கோடும் சுழியும் இருக்கிற எழுத்துகள் கட்டத்தைக் குறுக்கே வெட்டிட்டுப் போகும். அந்தக் கட்டத்தை ஒண்ணு முழுக் கறுப்பாக்கு, இல்லேன்னா முழு வெள்ளையா விடுன்னு கம்ப்யூட்டர் முடிவெடுத்தா, ஓரத்தில் படிக்கட்டு வந்துடும். அதுதான் பல்!

மருந்து என்ன? கட்டத்தில் பாதியை எழுத்து மூடியிருந்தா பாதிச் சாம்பல் நிறம், கால்வாசி மூடியிருந்தா கால்வாசிச் சாம்பல். தள்ளி நின்னு பார்க்கிற கண்ணுக்கு அந்தச் சாம்பல், வழவழப்பான ஓரமா தெரியும். இதுதான் ஆன்ட்டி-அலையாஸிங். கம்ப்யூட்டர் படங்களில் வர்ற இந்தப் பல் பிரச்னை பற்றி ஃபிராங்க் க்ரோ என்பவர் 1977லேயே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிட்டார். வியாதியும் பழசு, வைத்தியமும் பழசு.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்குங்க. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் குரலை நொடிக்கு 8000 தடவை சாம்பிள் எடுப்பாங்க. எடுக்கறதுக்கு முன்னாடியே சுமார் 3400 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிற சத்தத்தை ஃபில்டர் வடிகட்டிடும். வடிகட்டறது எப்பவும் சாம்பிள் எடுக்கறதுக்கு முன்னாடி. எடுத்து முடிச்ச பிறகு வடிகட்டினா, கெட்டதோட சேர்ந்து நல்லதும் போகும். எழுத்துக்கும் இதே கதைதான். பல் முளைச்ச எழுத்து மேல கொஞ்சம் காஸியன் ப்ளர் தடவி மறைக்கிறது நம்ம ஊர்ல பிரபலமான கைவைத்தியம். பல் மறையும், எழுத்தும் சேர்ந்து மங்கும்.

அதனால நீங்க கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு: என் எழுத்து எந்த இடத்துல கணக்கா இருக்கிறதை விட்டுட்டு கட்டமா மாறுச்சு? அந்த இடத்தைக் கண்டுபிடிச்சா முக்கால்வாசி வேலை முடிஞ்சது.

ஒரு ஃப்ரேம் டெஸ்ட்

டாக்டர் ஊசி போடறதுக்கு முன்னாடி தெர்மாமீட்டர் வைப்பார் இல்லையா... அது மாதிரி. எழுத்து அசிங்கமா தெரியற ஃப்ரேமில் நின்னுக்கிட்டு கன்ட்ரோல், ஆல்ட், எஸ் மூணையும் சேர்த்து அழுத்துங்க. அந்த ஒரு ஃப்ரேம் மட்டும் ரெண்டர் க்யூவுக்குப் போகும். அங்கே ரெண்டர் செட்டிங்ஸில் ‘பெஸ்ட் செட்டிங்ஸ்’ இருக்கணும், ஃபைல் வகை பி.என்.ஜி.யா இருக்கணும். ரெண்டர் பண்ணி, அந்தப் படத்தை 100 சதவிகித அளவில் திறந்து பாருங்க.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் விண்டோவில் பல், படத்தில் பல் இல்லையா? உங்களுக்கு வியாதியே இல்லை, பிரிவியூதான் ஏமாத்துது. படத்தில் நல்லா இருந்து, கடைசி வீடியோவில் மட்டும் பல்லா? ஃபைலைச் சுருக்குற இடத்தில் கோளாறு. படத்திலேயே பல் இருக்கா? ப்ராஜெக்டுக்குள்ளே தேடணும். மூணையும் வரிசையா பார்த்துடலாம்.

ஏமாத்துற கண்ணாடி

மெஷின் திணறக்கூடாதுன்னு கம்போசிஷன் விண்டோவுக்குக் கீழே ரெசல்யூஷனை ‘ஹாஃப்’, ‘குவார்ட்டர்’னு குறைச்சு வெச்சிருப்பீங்க. ‘குவார்ட்டர்’னா அகலத்தில் நாலில் ஒண்ணு, உயரத்தில் நாலில் ஒண்ணு. அதாவது, பதினாறு கட்டத்துக்கு ஒரு கட்டம்தான் கணக்கு. பல் தெரியாம என்ன செய்யும்? கன்ட்ரோல், ஜே அழுத்தினா ‘ஃபுல்’ வந்துடும். அதோட கீபோர்டில் சாய்கோடு பட்டனை ஒரு தட்டு தட்டுங்க. விண்டோ 100 சதவிகிதத்துக்கு வரும். எழுத்தோட ஓரத்துக்கு மார்க் போடறதா இருந்தா இந்த ரெண்டும் செஞ்ச பிறகுதான் போடணும். 66.7 சதவிகிதத்தில் வெச்சுப் பார்த்துட்டு எழுத்து மேல பழி போடறது அநியாயம்.

அடுத்தது, ஒவ்வொரு லேயர் பக்கத்திலும் இருக்கிற குவாலிட்டி ஸ்விட்ச். சாய்ஞ்ச கோடு மாதிரி இருக்கும். கை தவறி அது ‘டிராஃப்ட்’டில் இருந்தா, அந்த லேயருக்கு ஆன்ட்டி-அலையாஸிங் கிடையாது. லேயரைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், யூ அழுத்துங்க, ‘பெஸ்ட்’டுக்கு மாறிடும். ரெண்டர் க்யூவில் ‘கரன்ட் செட்டிங்ஸ்’னு விட்டுட்டு பட்டனை அமுக்கினா, நீங்க பாதியா குறைச்சு வெச்ச ரெசல்யூஷனும் டிராஃப்ட்டும் அப்படியே வீடியோவுக்குப் போயிடும். ராத்திரி பூரா ரெண்டர் ஓடவிட்டுத் தூங்கப் போறதுக்கு முன்னாடி அந்த ஒரு வரியைப் பார்த்துட்டுப் போங்க.

சூரியன் பட்டன்

படத்திலேயே பல் இருக்குன்னா, முதல் சந்தேகம் ப்ரீ-கம்போஸ் மேல.

டைப் டூலில் நேரா அடிச்ச எழுத்து, ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குள் கணக்காகவே இருக்கும். ஸ்கேலை 500 சதவிகிதம் ஏத்துங்க, ஓரம் கத்தி மாதிரி நிக்கும். ஆனா டைட்டில், கோடு, நட்சத்திரம்னு எல்லாத்தையும் மூட்டை கட்டி ப்ரீ-கம்போஸ் செஞ்சு, அந்த மூட்டையை 400 சதவிகிதம் பெரிசாக்கினா கதை மாறிடும். மூட்டைக்குள்ளே எழுத்து முதலில் கட்டமா மாறிடும். அந்தக் கட்டத்தைத்தான் நீங்க வெளியே இழுக்கறீங்க. ஒரு கட்டம் பதினாறு கட்டத்து இடத்தை நிரப்பணும். ஒரு டம்ளர் மோரில் பதினாறு பேருக்குப் பங்கு வெச்ச மாதிரிதான்!

தீர்வு, டைம்லைனில் அந்த ப்ரீ-கம்ப் வரிசையில் இருக்கிற குட்டிச் சூரியன் மாதிரி ஸ்விட்ச். பேரு கொலாப்ஸ் டிரான்ஸ்ஃபர்மேஷன்ஸ். அதைத் தட்டினா, உள்ளே வெளியே இருக்கிற ஸ்கேல் எல்லாத்தையும் முதலில் கணக்காவே சேர்த்துட்டு, கடைசியில்தான் எழுத்தைக் கட்டமா மாத்தும். முன்னாடி சொன்ன ‘முன்னாடி வடிகட்டு’ விதியேதான். இல்லஸ்ட்ரேட்டர் ஃபைலைக் கொண்டுவந்தாலும் இதே சூரியன்தான், அங்கே அதுக்குப் பேரு கன்டினியூஸ்லி ராஸ்டரைஸ்.

ஒரு எச்சரிக்கை. சூரியனைத் தட்டினா, மூட்டைக்கு வெளியே ஒளிச்சு வெச்ச பொருளெல்லாம் திரையில் எட்டிப் பார்க்கும். அது ஒத்துவரலேன்னா, வேற வழி: முதலிலேயே பெரிய அளவில் ப்ரீ-கம்ப் செஞ்சு, வெளியே சின்னதாக்கிட்டு, தேவைப்படும்போது 100 வரைக்கும் மட்டும் ஏத்துங்க. பெரிசைச் சின்னதாக்கலாம், சின்னதைப் பெரிசாக்கக்கூடாது.

தமிழ் டைட்டிலும் காலேஜ் எம்ப்ளமும்

ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் பழைய பதிப்புகளில் யூனிகோட் தமிழ் அடிச்சா கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்னு சிதறும். அதனால டைட்டிலை வேற சாஃப்ட்வேரில் அடிச்சு, படமா சேமிச்சு உள்ளே கொண்டுவர்ற பழக்கம் வந்துச்சு. இப்போதைய பதிப்புகளில் தமிழ் எழுத்து ஒழுங்கா உட்கார்ந்தாலும், சீனியர் சொல்லிக் கொடுத்த பழக்கம் மட்டும் போகலை. படம்னா, உள்ளே வரும்போதே எழுத்து கட்டமாகிப் போச்சு. பெரிசாக்கினா பல்தான். நேரா டைப் பண்ணுங்க. முடியலேன்னா இல்லஸ்ட்ரேட்டரில் எழுத்தை அவுட்லைனா மாத்திக் கொண்டுவாங்க. அதுவும் முடியலேன்னா, திரையில் எழுத்து எவ்வளவு பெரிசா வரப்போகுதோ அதே அளவுக்குப் படத்தைச் செஞ்சு கொண்டுவாங்க.

அடுத்து, காலேஜ் எம்ப்ளம். எங்கிருந்தோ ஒரு ஜிஃப் ஃபைலைச் சுட்டுட்டு வந்து மூலையில் ஒட்டுவோம். ஜிஃப்பில் ஒரு கட்டம் ஒண்ணு தெரியும், இல்லேன்னா தெரியாது. நடுவில் பாதி தெரியறதுன்னு ஒரு நிலையே அதுக்குக் கிடையாது. அதனால ஓரத்தில் பல் நிச்சயம். 8 பிட் பி.என்.ஜி.யில் ஒளிபுகும் அளவுக்கு 256 படி இருக்கு. அதைவிட நல்ல வழி ஒண்ணு சொல்லவா? உங்க சிம்போசியம் அழைப்பிதழ் அடிச்ச டி.டி.பி. சென்டருக்குப் போங்க. எம்ப்ளம் பெரும்பாலும் கோரல் டிராவில் கணக்காவே அவங்ககிட்ட இருக்கும். பென் டிரைவை நீட்டி, ‘அண்ணே, இதை இல்லஸ்ட்ரேட்டர் ஃபைலா சேவ் பண்ணிக் கொடுங்க’ன்னு கேளுங்க. டீ வாங்கிக் கொடுத்தா இன்னும் சீக்கிரம் கிடைக்கும்!

ஓரத்தில் பல்லுக்குப் பதிலா வெள்ளையாவோ கறுப்பாவோ மெல்லிசா ஒரு கோடு தெரிஞ்சா, அது வேற வியாதி. ஃபைலைத் தேர்ந்தெடுத்து இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜ் திறந்து, ஆல்ஃபாவில் ‘கெஸ்’ பட்டனை அமுக்குங்க. பெரும்பாலும் அதிலேயே சரியாயிடும்.

நீலத்து மேல சிவப்பு வேணாமே!

ஒரு ஃப்ரேம் டெஸ்ட்டில் படம் பளிச்னு இருக்கு, வீடியோ ஃபைலில் மட்டும் பல். இதுதான் நிறைய பேரைச் சுத்தல்ல விடறது. நாம வழக்கமா எடுக்கிற ஹெச்.264 வீடியோவில், ஒளிர்வு ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியா சேமிக்கப்படும். நிறம் மட்டும் நாலு கட்டத்துக்கு ஒண்ணுதான். ஒளிர்வுக்கு 1920க்கு 1080 இருக்கும்போது, நிறத்துக்கு வெறும் 960க்கு 540. நம்ம கண்ணு நிறத்தைவிட ஒளிர்வையே கூர்மையா கவனிக்கும் என்பதால் செய்யற சிக்கனம் இது. சாதாரணப் படத்தில் வித்தியாசமே தெரியாது. எழுத்தில் மாட்டிக்கும்.

ஹெச்.டி. வீடியோ கணக்கில் முழு வெள்ளையின் ஒளிர்வை 100ன்னு வெச்சா, அதில் பச்சையின் பங்கு 72, சிவப்பு 21, நீலம் 7. இப்போ நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து போட்டுப் பாருங்க. ரெண்டுக்கும் ஒளிர்வு வித்தியாசம் வெறும் 14. எழுத்தோட ஓரத்தைக் காட்டற வேலை மொத்தமும் நிறத்து மேல விழுது, அதுவோ கால்வாசிக் கட்டத்தில் தள்ளாடுது. பல் முளைக்காம இருக்குமா? அதே நீலத்தில் மஞ்சள் எழுத்து போடுங்க. சிவப்பும் பச்சையும் சேர்ந்ததுதான் மஞ்சள், ஒளிர்வு 93. வித்தியாசம் 86. ஓரம் தெளிவா நிக்கும்.

சிவப்புதான் வேணும்னு டிபார்ட்மென்ட் அடம் பிடிச்சா, எழுத்தைச் சுத்தி மெல்லிசா வெள்ளை ஓரம் கொடுங்க. எடிட்டிங்குக்கு அனுப்பற ஃபைலை பி.என்.ஜி. வரிசையாவோ ப்ரோரெஸ் 4444லோ கொடுத்துட்டு, கடைசியா ஒரே ஒரு தடவை மட்டும் ஹெச்.264 ஆக்குங்க. நாலு பேர் கை மாறி, நாலு தடவை சுருக்கினா எழுத்து கந்தலாயிடும்.

ஓடுற எழுத்து

நின்னா நல்லா இருக்கு, ஓடினா கடிக்குது என்பவர்களுக்கு இது. நொடிக்கு 25 ஃப்ரேம் வீடியோவில், திரையின் ஒரு கோடியில் இருந்து மறுகோடிக்கு ஒரே நொடியில் ஓடுற எழுத்து, ஃப்ரேமுக்கு கிட்டத்தட்ட 77 கட்டம் தாவுது. கண்ணுக்கு விட்டு விட்டுத் தெரியும். லேயரிலும் டைம்லைன் மேலேயும் மோஷன் ப்ளர் ஸ்விட்சைப் போடுங்க. ஷட்டர் ஆங்கிள் வழக்கமான 180 டிகிரியே போதும்.

மெதுவா மேலே ஏறுற கிரெடிட்ஸுக்கு வேற கணக்கு. ஃப்ரேமுக்கு 1.3 கட்டம், 2.7 கட்டம்னு போனா ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஓரத்துச் சாம்பல் மாறி மாறி, எழுத்து நடுங்கும். முழு எண்ணா வைங்க. ஃப்ரேமுக்கு 2 கட்டம்னா நொடிக்கு 50. ஒரு வரி கீழே இருந்து மேலே போக 21.6 நொடி. 3 கட்டம்னா 14.4 நொடி. இதுக்கேத்த மாதிரி மொத்த நீளத்தை முடிவு பண்ணுங்க.

இவ்வளவு மெனக்கெடணுமா?

‘எழுத்தோட ஓரத்துக்கு இவ்வளவு அலப்பறையா?’ன்னு கேட்கலாம். கேம்பஸ் ஷார்ட் ஃபிலிமில் யாருக்கும் சம்பளம் கிடையாது பாஸ். லைட் பிடிச்சவன், மழையில் குடை பிடிச்சவள், வீட்டை ஷூட்டிங்குக்குக் கொடுத்த ஆன்ட்டி, பைக் ஓட்டினவன்... எல்லாருக்கும் கிடைக்கிற ஒரே கூலி, கடைசியில் திரையில் ஏறுற பேர். அம்மா, அப்பாவைக் கூட்டிட்டு வந்து அந்த ஒரு வரிக்காகக் காத்திருக்கிறவங்க இருக்காங்க.

அதுவும் தமிழ் எழுத்து, சுழியை நம்பி வாழற எழுத்து. மூணு சுழி ‘ண’வுக்கும் ரெண்டு சுழி ‘ன’வுக்கும் நடுவில் இருக்கிறது ஒரே ஒரு சுழிதான். சின்ன அளவில் பல் முளைச்சு சுழி அடைச்சுப் போச்சுன்னா மணமும் மனமும் ஒண்ணாயிடும். கண்ணன்னு ஒருத்தர் பேரை எடுத்துக்குங்க. நாலு எழுத்தில் ரெண்டு ண, கடைசியில் ஒரு ன். கீழே இருந்து மேலே போற பதினஞ்சு நொடியில் அது வெறும் கரும்புள்ளியா போனா, அவர் ராத்திரி பூரா லைட் பிடிச்சதுக்கு என்ன மரியாதை?

அதனால கடைசியா ஒரு வேலை. கிளாஸ் ரூம் ப்ரொஜெக்டர்கள் பலதும் 1024க்கு 768 தான். உங்க 1920 அகல வீடியோ அதில் 1024க்குச் சுருங்கும். ஒரு கட்டம் அகலமான கோடு அரைக் கட்டமாயிடும். அதனால ஒல்லிக்குச்சி ஃபான்ட் வேணாம், பேரெல்லாம் தாராளமான அளவில் இருக்கட்டும். விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம், எந்த ப்ரொஜெக்டரில் ஓடப்போகுதோ அதிலேயே ஒரு தடவை ஓட்டிட்டு, ஹாலோட கடைசி வரிசையில் போய் உட்காருங்க. அங்கிருந்து ஒவ்வொரு பேரையும் வாய்விட்டுப் படிங்க. எந்தப் பேர்ல நாக்கு தடுமாறுதோ, அந்த லேயருக்குத் திரும்பிப் போங்க.

அடுத்த வாரம், டைட்டில் சரியாகியும் பேக்ரவுண்டு மியூசிக் ஏன் கரகரங்குதுன்னு பார்ப்போம். அதுவரைக்கும்... ரெக்கார்டு நோட்டையும் கொஞ்சம் எழுதுங்க மக்களே!